மங்கம்மா இரண்டு வீட்டில் விட்ட குட்டிகள்

திருப்புலிவனத்துக்கு வந்து மங்கம்மா வீடு எது என்று கேட்டால், எந்த மங்கம்மா என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் அந்தப் பெயரில் மூன்று பேர். ஆட்டுக்கார மங்கம்மா என்றால்தான் கை ஏரிக்கால்வாய்ப் பக்கம் நீளும்.

அவள் அப்பனுக்கு இரண்டு தாரம். மூத்தவள் வயிற்றில் ஒரு பெண். அவளை வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவனுக்குக் கொடுத்தார்கள். இளையவள் வயிற்றில் பிறந்தவள் மங்கம்மா. வயிறு வேறே தவிர அக்காளும் தங்கையும் ஒரே தட்டில் தின்றவர்கள். அக்காள் நாற்பது முடிவதற்குள் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அவள் விட்டுப்போன ஒரே பிள்ளை வசந்த்குமார், பத்தாவது முடிக்கிற வரை சின்னம்மா வீட்டுச் சோற்றில் வளர்ந்தான். இதை முதலிலேயே சொல்லி வைக்கக் காரணம் உண்டு. பின்னால் வருகிற மனத்தாங்கல் எல்லாம் அவனால் வந்தது. ஆனாலும் அவன் கெட்டவன் இல்லை.

மங்கம்மாவுக்கு நிலம் கிடையாது. அவள் அப்பனுக்கும் கிடையாது, அவனைப் பெற்றவனுக்கும் கிடையாது. ஒன்பது வயதில் அடுத்தவர் ஆட்டை ஓட்டத் தொடங்கினாள். இந்தப் பக்கத்தில் ஆட்டை வாரத்துக்கு விடுவது என்று ஒரு வழக்கம். ஆடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர். பிறக்கிற குட்டியில் பாதி உடையவருக்கு, பாதி வளர்த்தவருக்கு. ஆடு செத்துப்போனால் நட்டமும் இரண்டு பேருக்கும். ஆனால் செத்த அன்றைக்கே அதன் காதை அறுத்துக் கொண்டுபோய் உடையவரிடம் காட்ட வேண்டும். காது வராவிட்டால் விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று அர்த்தம். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. காதுதான் சாட்சி.

பதினாலு வயதில் அவள் பங்குக்கு முதல் குட்டி வந்தது, கறுப்புப் பெட்டை. கல்யாணத்துக்கு மாமன் மகன் சடையப்பன் வீட்டுக்கு அவள் கொண்டுபோன சீர் அந்த ஆடும் அதன் மூன்று குட்டிகளும்தான். சடையப்பன் நல்ல மனுஷன், பேச்சு கம்மி, நெல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்துவிட்டு நாற்பத்தைந்திலேயே குனிந்து நடந்தார். குடும்பத்தை நிமிர்த்தியது ஆடு. வாரத்துக்கு வளர்த்தவள், இருபது வருஷத்தில் வாரத்துக்கு விடுகிறவள் ஆனாள். இந்த ஊரில் நாலு வீடு, மகள் ஆதிலட்சுமியைக் கொடுத்த காவாந்தண்டலத்தில் இரண்டு வீடு, ஆக ஆறு வீட்டில் அவள் ஆடுகள் வளர்ந்தன.

புது வீட்டை நம்புவதற்கு அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு பெட்டைக் குட்டிகளைத் தேர்ந்தெடுப்பாள். ஒன்றைப் புது வீட்டில் விடுவாள், இன்னொன்றைத் தெரிந்த வீட்டில். ஒரே தாய், ஒரே பால், ஒரே நாள். வளர்ந்த பிறகு வித்தியாசம் இருந்தால் அது வளர்த்த கையின் வித்தியாசம். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், காணும் பொங்கலுக்கு மறுநாள், ஆறு வீட்டுக்கும் போய்ப் பார்ப்பாள். நடுவில் எட்டிப் பார்க்க மாட்டாள். மூன்று ஈத்து முடிகிற வரை, அதாவது நாலு வருஷமாவது, எந்த ஆட்டையும் மெச்சவும் மாட்டாள், குறை சொல்லவும் மாட்டாள்.

"தினம் போய் ஆட்டுக்கு எதிர்ல குந்திக்கினா அது பெருத்துடுமா? பாக்கிறவளுக்குத்தான் பேஜாரு" என்பாள்.

அவளுடைய பட்டி இருந்த இடம் அவளுடையது இல்லை. கால்வாய் ஓரமாக முப்பது சென்ட், கிருஷ்ணசாமியின் நிலம். கிருஷ்ணசாமி ஊரில் பழைய குடித்தனக்காரர், எட்டு ஏக்கர் நஞ்சை. இருபத்தைந்து வருஷமாக அந்த மேட்டுத் துண்டை மங்கம்மாவுக்கு விட்டிருந்தார். வாடகை என்று காசு வாங்கவில்லை. ஆட்டு எரு அத்தனையும் அவர் வயலுக்குப் போனது. ஒரு நாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

"மங்கம்மா, நான் கீற வரைக்கும் உன்னை யாரும் எழுப்ப மாட்டான். எனக்கப்புறம் பையன் பட்டணத்துலர்ந்து வந்து ஒரே நாள்ல வித்துட்டுப் போவான். பிளாட்டுக்காரன் ஏற்கெனவே ரெண்டு வாட்டி வந்து பார்த்துட்டுப் போய்ட்டான். உன்னால ஆவும்போது நீயே வாங்கிக்கோ. உனக்குன்னா வெலை கொறைச்சுத் தரச் சொல்லிட்டுத்தான் போவேன்."

"எப்ப ஆவுமோ ஐயா."

"நான் எப்பப் போவேன்னு எனக்கு மட்டும் தெரியுமா இன்னா" என்று சிரித்தார் அவர்.

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றே நினைப்பு. நிலம் கை மாறினால் பட்டி போகும், பட்டி போனால் ஆறு வீட்டு ஆட்டுக்கும் தாய் வீடு இல்லை. கிருஷ்ணசாமியின் மூச்சு நிற்பதற்குள் முப்பது சென்ட்டுக்குப் பணம் சேர வேண்டும்.

ஏரி உடையப் பார்த்த பெரிய மழைக்கு மூன்றாம் வருஷம் தை மாதம். வசந்த்குமார் புது மோட்டார் வண்டியில் வந்து இறங்கினான். வாலாஜாபாத்தில் மியூச்சுவல் ஃபண்டு பிடித்துக் கொடுக்கிற வேலை.

"சின்னம்மா, சீட்டு கட்றியே, அதுல இன்னா வருது? கம்ப்யூட்டர் கம்பெனிங்களுக்குன்னே ஒரு தீம் ஃபண்டு கீது. மும்பைல ஒருத்தர் உக்காந்துகினு, இருக்கறதுலயே நல்ல கம்ப்யூட்டர் கம்பெனியாப் பொறுக்கி அதுல மட்டும் போடுவாரு. படிச்ச ஆளு, பெரிய கையி."

"கம்ப்யூட்டர் மட்டும் ஏன்?"

"நீயே எண்ணு. நம்ம தெருவுல, அந்தத் தெருவுல, மாடி வூடு எத்தினி? யாரு கட்னது? கிருஷ்ணசாமி ஐயா பையன் கலைச்செல்வன் எங்க வேலை பண்றாரு? எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி தானே."

மங்கம்மா எண்ணினாள். ஊரில் புதிதாக எழும்பியிருந்த மாடி வீடுகள் பதினொன்று. அதில் ஒன்பது கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளத்தில் வந்தவை. கண்ணால் பார்த்ததை எப்படித் தள்ளுவது? இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். மாடி வீட்டை வைத்துக் கம்பெனியை எடைபோட்டார்கள். அந்தக் கம்பெனியின் பங்குக்கு அப்போது என்ன விலை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

ஆனால் மங்கம்மா மங்கம்மா அல்லவா. முழுப் பணத்தையும் ஒரே வீட்டில் விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அடுத்த வீட்டுப் பாக்கியமேரியிடம் பேச்சைத் திறந்தாள். பாக்கியமேரி அவளுடைய ஆட்டை வாரத்துக்கு வளர்ப்பவள், மாதா கோயிலில் பாட்டுக்கு முன் நிற்பவள், வாய் நீளம். அவள் மகள் ஷாரோன் காஞ்சிபுரத்தில் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதினாள்.

"பெரிம்மா, இன்டெக்ஸ் ஃபண்டுன்னு ஒண்ணு கீது. அதுல யாரும் பொறுக்க மாட்டாங்க. நாட்டுலயே பெரிய கம்பெனி அம்பதுக்கு ஒரு பட்டியல் கீது. அந்த அம்பதையும் அதது சைஸுக்கு ஏத்த மாதிரி அப்டியே வாங்கிடும்" என்றாள் ஷாரோன்.

"மேய்க்கிறவன் இல்லாத மந்தையா அது?"

"அப்டித்தான் வெச்சிக்கோங்க."

"நோஞ்சான் ஆடு நடுவுல பூந்துகினா யாரு கழிப்பா?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா பட்டியலைத் திருத்துவாங்க. தேஞ்சு போனது வெளியே, வளந்து வந்தது உள்ளே. யாரோட மூளையும் அதுல வேலை பண்ணாது, விதிதான் வேலை பண்ணும். அதனால கூலி கம்மி. நூறு ரூபாய்க்கு வருஷத்துக்கு இருவது காசு. வசந்த் அண்ணன் சொல்ற தீம் ஃபண்டுல நூத்துக்கு ரெண்டு ரூபா எடுப்பாங்க."

"உனக்கு இதுல இன்னா கெடைக்கும்?"

"ஒண்ணியும் கெடைக்காது. உங்க வூட்ல ஒரு டீ குடிப்பேன்."

"அதுலயும் சர்க்கரை கம்மியாப் போடு அக்கா, கூலி கம்மின்னு இப்பத்தான் சொன்னா" என்றாள் பாக்கியமேரி.

இரண்டு ரூபாய் என்பதை மங்கம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரக் கணக்கில் வளர்ப்பவருக்குக் குட்டியில் பாதி போகும். நூற்றுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு ஒரு படித்த மனுஷன் மேய்க்கிறான் என்றால் மலிவுதானே என்று எண்ணிக்கொண்டாள். அந்த இரண்டு ரூபாய் பிறக்கிற குட்டியில் எடுப்பதில்லை, தாய் ஆட்டின் உடம்பிலேயே எடுப்பது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆக, மாதம் இரண்டாயிரம் தீம் ஃபண்டுக்கு, மாதம் இரண்டாயிரம் இன்டெக்ஸ் ஃபண்டுக்கு. ஒரே தேதி, ஒரே தொகை. ஒரு ஈத்துக் குட்டிகள் இரண்டு, வீடுகள் இரண்டு. பேங்கில் பணம் இல்லாமல் தவணை தவறக் கூடாதென்று ஐந்தாம் தேதிக்கு முன்னால் குட்டியோ எருவோ விற்றுக் கணக்கில் கட்டிவிடுவாள். காணும் பொங்கலுக்கு மறுநாள் ஆறு வீட்டையும் சுற்றி முடித்து, ஏழாவதாக ஷாரோனுடைய செல்போனில் இந்த இரண்டையும் பார்ப்பாள்.

முதல் வருஷம் இரண்டும் மெலிந்தே இருந்தன. இரண்டாம் வருஷமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பிறகு கொரோனா வந்தது. ஊர் அடங்கிய பங்குனியில் போட்ட பணம் பாதியாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆதிலட்சுமிகூட போன் போட்டு, "எடுத்துடு அம்மா" என்றாள். மங்கம்மா எடுக்கவில்லை. கழிச்சல் நோய் வந்த வருஷம் பட்டியில் பாதி போனதும், மிச்சம் இருந்த பாதியை விற்காமல் வைத்திருந்ததால் மூன்றே வருஷத்தில் பழைய எண்ணிக்கை வந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. "செத்தா எல்லா ஆடும் சாவணும். அம்பது கம்பெனியும் ஒரே நாள்ல சாவுமா? சாவாது. இரு" என்று மகளுக்குப் பதில் சொன்னாள். அந்தத் தைரியம் படித்தவர்களுக்கே அப்போது இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் தலைகீழாக மாறியது. எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்தார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஏறின. தீம் ஃபண்டு குட்டி கிடா போலக் கொழுத்தது. இன்டெக்ஸ் குட்டியும் வளர்ந்தது, ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் சோனி. அந்த ஆடியில்தான் கிருஷ்ணசாமிக்கு ஒரு கையும் காலும் இழுத்துக்கொண்டது. செய்தி கேட்டு மங்கம்மா போய்ப் பார்த்தாள். வாய் கோணி இருந்தது. அவளைப் பார்த்ததும் கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டி என்னமோ சொல்ல வந்தார், வரவில்லை.

அன்று சாயங்காலமே வசந்த்குமார் வந்தான். பக்ரீத்துக்கு நாலு நாள் இருந்தது. மங்கம்மா பட்டியில் இரண்டு கிடாக்களைச் சந்தைக்குக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, கேளு. இன்டெக்ஸ்ல கீறதெல்லாம் எடுத்து இதுல போட்டுடு. போன வருஷம் ஒண்ணு ரெண்டாச்சு. இன்னும் ஒரே வருஷம், உன் முப்பது சென்ட்டு உன் கையில. ஐயா நெலைமை நீயே பார்த்தே."

 கணக்கு சரியாக இருந்தது போலத்தான் பட்டது. கிடாவின் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"இந்தக் கிடா போன மாசம் இன்னா வெலை?"

"எட்டாயிரம் போவும்."

"இப்போ?"

"பதினாலு கேப்பே."

"இந்த வாரம் நான் கிடா வாங்குவேனா, விப்பேனா?"

"விப்பே."

"ஏன்?"

"பக்ரீத்துன்னு ஊருக்கே தெரியும். வெலை ஏறிப் போய்க் கீது."

"கம்ப்யூட்டர் கம்பெனி நல்லாப் போவுதுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

வசந்த்குமார் தலையைச் சொறிந்தான். "எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ என்னை மட்டும் ஏன்டா பக்ரீத்து வாரத்துல கிடா வாங்கச் சொல்றே?"

"இது ஆடு இல்ல சின்னம்மா, டெக்னாலஜி."

"டெக்னாலஜியை வாங்கறவன் ஆளுதானே?"

அவன் செல்போனைத் தடவினான். மங்கம்மாவுக்கு இன்னொரு கேள்வி இருந்தது.

"அந்த மும்பைக்காரர், பெரிய கைன்னியே. அவர் பேரு இன்னா? நல்லா மேய்ச்சிருக்காரு, பேராவது தெரிஞ்சுக்கறேன்."

வசந்த்குமார் பெயரைப் பார்க்கப் போனை நோண்டினான். நோண்டினவன் முகம் மாறியது. அந்த மனுஷன் பங்குனியிலேயே வேலையை விட்டு வேறே கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். இப்போது இருப்பது இன்னொருவர். மின்னஞ்சலில் தகவல் அனுப்பியிருந்தார்கள், இவன் பார்க்கவில்லை.

வாரத்துக்கு விட்ட ஆட்டை உடையவருக்குச் சொல்லாமல் வேறே வீட்டுக்குக் கை மாற்றுவது இந்தப் பக்கத்தில் பெரிய தப்பு. ஆடு செத்ததுகூட மன்னிக்கப்படும், இது மன்னிக்கப்படாது.

"கை மாத்தி வுட்டாங்களா? என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"அது கம்பெனி வழக்கம் சின்னம்மா."

"இன்டெக்ஸ்ல இந்த மாதிரி ஆளு ஓடிப் போனா?"

"அங்க ஆளு மாறினாலும் ஒண்ணுதான். விதிப்படிதான் வாங்கப் போறாங்க" என்று அவனே ஒப்புக்கொண்டான்.

மங்கம்மா கிடாவின் காதுக்குள் போன தண்ணீரைத் துடைத்துவிட்டாள். "மாத்த வேணாம். அது அது கீற இடத்துல இருக்கட்டும். மூணு ஈத்து ஆவல."

அங்கே அவள் இன்டெக்ஸ் பணத்தை எடுக்காதது புத்தி. தீம் ஃபண்டை அப்போதே விற்காதது பிடிவாதம். பக்ரீத் வாரத்தில் கிடாவை விற்பவள், பணக் கிடாவை விற்கவில்லை. முறை என்று வைத்தால் முறைதான் என்பாள். அதற்கு விலை கொடுத்தாள், அதைப் பிறகு அவளே சொன்னாள்.

அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இறங்கின. புது மேய்ப்பர் என்னென்னமோ வாங்கி விற்றுப் பார்த்தார், சரிப்படவில்லை. அடுத்த காணும் பொங்கலுக்கு மறுநாள் ஷாரோனின் போனைப் பார்த்தபோது இன்டெக்ஸ் குட்டி சத்தமில்லாமல் முன்னால் போயிருந்தது. தீம் குட்டி கொழுத்ததில் பெரும் பங்கை இழந்திருந்தது. இளைத்த நேரத்தில் ஆட்டை விற்கக் கூடாதென்று இரண்டிலும் தவணையைத் தொடர்ந்தாள். மங்கம்மா வசந்த்குமாருக்குச் சொல்லி அனுப்பினாள். வந்தான், வண்டியை நிறுத்தாமல் ஓடவிட்டபடியே நின்றான்.

"வண்டியை அணைச்சிட்டு வா, நாஷ்டா துண்ணுட்டுப் போவே. ஒரே ஒரு விசயம் தெரியணும். ஆடு எளைச்சுப் போச்சு. எளைச்ச வருஷத்துலயும் அவங்க நூத்துக்கு ரெண்டு எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"உனக்கு வர்றது?"

"அதுலர்ந்துதான் வரும்."

"எங்க வழக்கத்துல ஆடு செத்தா காதை அறுத்து எடுத்துகினு வரணும் நைனா. கூலியை எடுத்துகினு வுட்டுட்டுப் போறதில்ல. உங்க ஆளு இன்னா எடுத்துகினு வருவாரு?"

பாக்கியமேரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "காது இல்லாத கம்பெனி போல கீது அக்கா. அதான் நம்ம சொல்றது அவங்களுக்குக் கேக்கல" என்றாள். இரண்டு மூன்று பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. மங்கம்மா கோபமாகக் கேட்கவில்லை. உள்ளதைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஆனால் வசந்த்குமார் ஊரில் இன்னும் பத்து வீட்டுக்கு அதே ஃபண்டைப் பிடித்துக் கொடுத்திருந்தான். தலை குனிந்து வண்டியில் ஏறிப் போனவன், அப்புறம் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. ஆதிலட்சுமியின் மகன் காது குத்தலுக்கு மொய் மட்டும் ஆள் மூலம் அனுப்பினான். தாய்மாமன் முறைக்கு மடியில் உட்காரவைக்க வேண்டியவன் அவன். மடி காலியாக இருந்ததைக் கண்டு மங்கம்மா அன்று சோறு தின்னவில்லை.

கிருஷ்ணசாமி மூன்று வருஷம் படுக்கையில் இழுத்துக்கொண்டு, மார்கழியில் போனார். மங்கம்மா இழவு வீட்டில் ஓரமாக நின்று அழுதாள். பதினாறாம் நாள் முடிந்ததும் மகன் கலைச்செல்வன் அவளைக் கூப்பிட்டான்.

"மங்கம்மா, உங்களைத்தான் முதல்ல கேக்கணும்னு அப்பா எழுதிவெச்சிருக்கார். பிளாட்டுக்காரர் சென்ட்டுக்கு முப்பத்திரண்டாயிரம் தர்றார். உங்களுக்கு இருபத்தஞ்சு. ரெண்டு மாசம் டைம். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

அந்த வீட்டில் அவளை 'நீங்க' என்று சொன்ன முதல் ஆள் அவன். அதை அவள் கவனித்தாள், வெளியில் காட்டவில்லை.

"முப்பது சென்ட்டு, ஏழரை லட்சம்" என்றாள்.

"ஆமா."

"எடுத்துகினு வர்றேன்."

அன்று ஷாரோன் இரண்டு ஃபண்டையும் முழுதாக விற்கப் போட்டாள். ஏழு வருஷம், எண்பத்து நாலு தவணை. ஒவ்வொன்றிலும் போட்டது ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். இன்டெக்ஸ் திரும்பக் கொடுத்தது இரண்டு லட்சத்து எழுபத்து நாலாயிரம். தீம் கொடுத்தது இரண்டு லட்சத்து இருபத்தோராயிரம். ஒரே தாய்க் குட்டிகளுக்குள் வித்தியாசம் ஐம்பத்து மூவாயிரம்.

"அன்னிக்கே அதையும் இன்டெக்ஸ்ல வுட்டிருந்தா?" என்று பாக்கியமேரி இழுத்தாள்.

"ரெண்டு வூட்ல வுட்டதாலதான் எது நல்ல வூடுன்னு தெரிஞ்சுது. அன்னிக்கு எனக்கு எப்டித் தெரியும்? உன் வூட்லயும் அப்டிப் பார்த்துட்டுத்தான் வுட்டேன்."

"என் வூட்லயுமா?" பாக்கியமேரிக்கு அது இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

"நீ பாஸு" என்றாள் மங்கம்மா.

அந்த ஐந்து லட்சத்துக்கு ஐயாயிரம் குறைந்த பணத்தோடு இருபது ஆடுகளை விற்றாள். பக்ரீத் தூரத்தில் இருந்தது. சாதாரண விலைதான் வந்தது, இரண்டு லட்சத்து ஐயாயிரம். பத்திரச் செலவுக்குச் சடையப்பன் பேச்சே இல்லாமல் தன் சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார். மிச்சம் இருந்த பதினாலும் சினை ஆடுகள்; அவற்றைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. ஏழு லட்சம். இருபத்தெட்டு சென்ட். இரண்டு சென்ட் குறைந்தது.

கடன் வாங்கலாமே என்றார்கள். "வட்டிக்காரனுக்கு மேய்க்கிறதுக்கா இத்தினி வருஷம் மேய்ச்சேன்" என்று மறுத்துவிட்டாள்.

அளக்கிற நாள். சர்வேயர் நாடாவோடு வந்தார். கலைச்செல்வன் வந்தான். ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"முப்பதுல ரெண்டு சென்ட் எந்தப் பக்கம் விடணும்மா?" என்று சர்வேயர் கேட்டார். "மேற்கால விட்டா கால்வாய்க் கரை போயிடும். கிழக்கால விட்டா அந்த வேப்பமர நிழல் போயிடும்."

மங்கம்மா பட்டியை ஒரு சுற்று பார்த்தாள். வெயில் காலத்தில் அத்தனை ஆடும் படுப்பது அந்த வேப்பமரத்தடியில்தான். அவளும்தான். ஆனால் தண்ணீருக்கு வழி மறைந்தால் ஆட்டைத் தார் ரோட்டில் சுற்றி ஓட்ட வேண்டும். லாரி போகிற ரோடு.

"கெழக்கால வுடுங்க. நெழலை நட்டுக்கலாம், தண்ணியை நட முடியாது."

அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. வசந்த்குமார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி நிறுத்தி, அணைத்து, இறங்கி வந்தான். முன்பைவிட இளைத்திருந்தான். கையில் ஒரு பை.

"சின்னம்மா, அந்த ரெண்டு சென்ட்டுக்கு நான் தர்றேன். அம்பதாயிரம் கீது. என்னாலதான் கொறைஞ்சுது."

"ஏது இது?"

"வண்டி மேல லோன் போட்டேன்."

 மங்கம்மா பையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லு. என் பணத்தால இந்த ஏழு வருஷத்துல உனக்கு இன்னா வந்துது?"

"ஏழாயிரம், எட்டாயிரம். அதுக்கு மேல இல்ல."

"எட்டாயிரமா?"

"எங்கம்மா மேல சத்தியமா, அவ்ளோதான்."

மங்கம்மா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "எட்டாயிரத்துக்காடா என் தெருவுக்கு ரெண்டு வருஷம் வராம இருந்தே? அதுக்கு அந்தப் புள்ளை மடி இல்லாம காது குத்திக்கிச்சு. ஒரு நோஞ்சான் ஆட்டு வெலை. நீ பெருசா எதையோ துண்ணுட்டே, அதான் மூஞ்சி காட்ட முடியலன்னு நான் நெனைச்சுகினு கீறேன்."

வசந்த்குமாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பையை நீட்டியபடியே நின்றான்.

"அதை எடுத்துகினு போயி லோனைக் கட்டு. ரெண்டு சென்ட்டு போனது என் பிடிவாதத்தால, பக்ரீத்துல விக்காத கிடா அது. உனக்கும் எனக்கும் கணக்கு இல்ல." பிறகு சர்வேயரிடம் திரும்பினாள். "நாடாவோட அந்தப் பக்கம் புடிக்க ஒரு ஆளு வேணுமே. எங்க அக்கா புள்ளை கீறான்."

சர்வேயர் நாடாவின் முனையைக் கொடுத்தார். வசந்த்குமார் பையைப் பாக்கியமேரி கையில் கொடுத்துவிட்டு, கால்வாய்க் கரை ஓரமாக நடந்துபோய்க் குனிந்து பிடித்தான்.

"இழுத்துப் புடி நைனா, தொவளக் கூடாது. ஒவ்வொரு சாணும் காசு" என்றாள் மங்கம்மா.

கல் நட்டார்கள். மேற்கே கால்வாய், கிழக்கே வேப்பமரத்துக்கு இப்பால் ஒரு கல், நடுவில் இருபத்தெட்டு சென்ட். அவள் வம்சத்தில் யார் பேருக்கும் எழுதப்படாத அளவு. உத்திரமேரூரில் பத்திரம் பதிந்த மறு மாதம் ஐந்தாம் தேதி, பேங்கிலிருந்து மறுபடியும் பணம் போகத் தொடங்கியது. மாதம் மூவாயிரம், இன்டெக்ஸ் ஒன்றிலேயே.

"நெலம்தான் வாங்கியாச்சே, இன்னும் எதுக்கு அக்கா?" என்று பாக்கியமேரி கேட்டாள்.

"வேப்பமரம் இன்னும் அந்தப் பக்கம்தானே கீது" என்றாள் மங்கம்மா. ஆட்டை ஓட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள், தன் நிலத்து வழியாக.